இடுப்பு வலியோடு ஒரு உடன்படிக்கை!

ஒரு தும்மல். அவ்வளவுதான்!

ஆபீசுக்குக் கிளம்பும் அவசரத்தில் குனிந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து மூக்கு நமநமவென்றது. 'அச்...' என்றேன். மீதி 'சூ' வெளியே வருவதற்குள் இடுப்பில் 'படக்'! யாரோ பின்னாலிருந்து கடப்பாரையை இறக்கிய மாதிரி இருந்தது. நிமிர முடியவில்லை. உட்காரவும் முடியவில்லை. குனிந்த வாக்கிலேயே ஹாலைக் கடந்து கட்டிலை நோக்கிப் போனேன். சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த அம்மா, "என்னடா இது... காலங்கார்த்தால யார் கால்ல விழப் போறே?" என்றாள்.

அப்போது எனக்கு வயது இருபத்தெட்டு. இடுப்பு வலி என்றால் அது தாத்தாக்களின் தனிச்சொத்து என்று நினைத்துக்கொண்டிருந்த காலம்!

நான்கு வருடம் ஓடிவிட்டது. அந்த வலி இன்னமும் என்னை விட்டு முழுசாகப் போகவில்லை. ஆனால் முதல் இரண்டு வருடம் அது முதலாளி, நான் வேலைக்காரன். அடுத்த இரண்டு வருடமாக நான் வீட்டுக்காரன், அது ஒரு மூலையில் குடியிருக்கும் வாடகைக்காரன். நடுவில் ஒரு தடவை உயிர் போய் உயிர் வந்தது. என் மாதிரி நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து சம்பாதிக்கிற பிரம்மசாரிகளும் புது மாப்பிள்ளைகளும் அந்தத் தப்பைச் செய்யக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஊர் கூடி வைத்தியம்!

நம் ஊரில் இடுப்பு வலி என்று வாய் திறந்து சொல்லிவிட்டால் போதும். எதிரே நிற்பவர் அத்தனை பேரும் டாக்டர்கள்தான்.

"வாய்வு சார். உருளைக்கிழங்கை நிறுத்துங்க" என்றார் கேன்டீன்காரர். "பிரண்டைத் துவையல்" என்றாள் பெரியம்மா. "நொச்சி இலை ஒத்தடம்" என்றார் பக்கத்து வீட்டுத் தாத்தா. எங்கள் செக்ஷன் சீனியர் மட்டும் ஒரு படி மேலே போனார். "கால் முதல்ல வெளியே வந்து பிறந்தவங்க யாராவது உன் இடுப்புல மூணு தடவை மிதிச்சா சரியாயிடும்ப்பா!"

அவ்வளவுதான். ஆபீசில் யார் தலை முதலில் பிறந்தவர், யார் கால் முதலில் பிறந்தவர் என்று விசாரணைக் கமிஷனே நடந்தது. கடைசியில் அகப்பட்டவர் யார் தெரியுமா? எங்கள் மேனேஜர்! அவருக்கு என் மேல் ரொம்ப நாள் கோபம். நல்லவேளை, லீவு லெட்டரை நீட்டிவிட்டுத் தப்பித்தேன்.

அந்த லீவுதான் முதல் தப்பு. மூன்று வாரம் பலகை மேல் பாய் விரித்து ஆடாமல் அசையாமல் படுத்துக் கிடந்தேன். எழுந்தபோது இடுப்போடு சேர்ந்து கால்களும் வலுவிழந்திருந்தன. பின்லாந்து நாட்டுத் தலைநகர் ஹெல்சிங்கியில் மாநகராட்சி ஊழியர்கள் 186 பேரை வைத்து ஒரு ஆராய்ச்சி நடத்தி 1995-ல் முடிவு சொல்லியிருக்கிறார்கள். திடீர் இடுப்பு வலி வந்தவர்களில் ஒரு பகுதியினரை இரண்டு நாள் படுக்கச் சொன்னார்கள். ஒரு பகுதியினருக்கு உடற்பயிற்சி. மீதிப் பேரை 'முடிந்தவரை வழக்கமான வேலையைப் பாருங்கள்' என்று அனுப்பிவிட்டார்கள். வழக்கமான வேலையைப் பார்த்தவர்கள்தான் சீக்கிரம் தேறினார்கள். படுத்தவர்களுக்குத்தான் மெதுவாகச் சரியானது. அவர்கள் படுத்தது இரண்டே நாள். நான் படுத்தது இருபத்தொரு நாள்!

பலகைக் கட்டிலும் வேஸ்ட். 2003-ல் ஸ்பெயினில் நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்கள் 313 பேருக்கு மெத்தை கொடுத்துப் பார்த்தார்கள். கெட்டியான மெத்தைக்காரர்களைவிட, நடுத்தரக் கெட்டியில் படுத்தவர்களுக்கே வலி நன்றாகக் குறைந்தது. இதெல்லாம் தெரியாமல் பலகையில் படுத்து முழங்கையைத் தேய்த்ததுதான் மிச்சம்.

ரெண்டு கலர் மாத்திரை

அடுத்தது மருந்துக் கடை. 'இடுப்பு வலி' என்றதும் கடைக்காரர் ஒரு ஸ்ட்ரிப்பைக் கத்தரித்து நீட்டினார். சீட்டு கேட்கவில்லை. "காலைல ஒண்ணு, நைட் ஒண்ணு. ரெண்டு நாள்ல ஓடியே போயிடும்ணே!"

உண்மையாகவே ஓடிப்போனது. மூன்றாம் நாள் திரும்பி வந்தது. மறுபடி மாத்திரை. மறுபடி ஓட்டம். கடைசியில் பர்சில் ரூபாய் இருக்கிறதோ இல்லையோ, அந்த மாத்திரை இருக்கும். காலையில் வெறும் வயிற்றில் டீயோடு ஒன்று. டூவீலரில் ஒரு மணி நேரம் குலுங்கி வந்தபின் மத்தியானம் ஒன்று. வெள்ளிக்கிழமை நண்பர்களோடு 'உற்சாக பானம்' முடித்துவிட்டு இன்னொன்று!

இப்படி ரெண்டு வருடம். ஒரு நாள் காலை மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனது. 'நேத்து சாப்பிட்டது ஒத்துக்கலை போல' என்று ஆபீசுக்குக் கிளம்பிவிட்டேன். லிஃப்டில் கண் இருட்டியது. அப்புறம் கண் விழித்தபோது ஆஸ்பத்திரிக் கட்டில். கையில் ரத்த பாட்டில். அம்மா காலடியில் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு அவள் கிண்டல் எதுவும் செய்யவில்லை.

எண்டோஸ்கோப்பி போட்டுப் பார்த்தார்கள். இரைப்பையில் புண், அதிலிருந்து ரத்தக் கசிவு. டாக்டர் கேட்டார்:

"வலி மாத்திரை தினமும் சாப்பிடுவீங்களா?"

"இல்ல சார். வலிக்கிறப்ப மட்டும்தான்."

"எப்பெல்லாம் வலிக்கும்?"

"தினமும்."

டாக்டர் சிரிக்கவில்லை. "இன்னும் ஒரு நாள் தள்ளிப் போட்டிருந்தா, இந்தக் கேள்விக்கு உங்க அம்மாதான் பதில் சொல்லியிருக்கணும்" என்றார்.

'ஸ்கேனுக்கு வலிக்காது!'

வயிறு ஆறியது. இடுப்பு ஆறவில்லை. அப்போதுதான் ஒரு எலும்பு மூட்டு டாக்டரிடம் போனேன். வயதானவர். எம்.ஆர்.ஐ. கவரை நீட்டினேன். வாங்கி ஓரமாக வைத்துவிட்டார்.

"இதை அப்புறம் பார்க்கலாம் தம்பி. முதல்ல உங்களைப் பார்க்கிறேன். வலி உங்களுக்குத்தானே? ஸ்கேனுக்கு வலிக்காது!"

அரை மணி நேரம் கேள்வி மேல் கேள்வி. வலி முழங்காலுக்குக் கீழே இறங்குதா? காலில் மரமரப்பு உண்டா? சிறுநீர், மலம் கட்டுப்பாட்டில் இருக்கா? சாயங்காலக் காய்ச்சல் வருதா? எடை குறைஞ்சுதா? ராத்திரி தூக்கத்தில் எழுப்புதா? காலையில் எத்தனை நேரம் விறைப்பா இருக்கு? வேலையில் பிரச்னையா? கல்யாணக் கடனா? படுக்க வைத்து ஒவ்வொரு காலையும் நீட்டியபடியே தூக்கிப் பார்த்தார். முழங்காலில் சின்ன சுத்தியலால் தட்டினார். கட்டை விரலைத் தன் கைக்கு எதிராக மடக்கச் சொல்லி பலம் பார்த்தார். கடைசியாகத்தான் ஸ்கேன்.

"எல்-4, எல்-5 நடுவுல ஜவ்வு பிதுங்கியிருக்குன்னு போட்டிருக்காங்க டாக்டர்..." என் குரல் நடுங்கியது. அந்த ஒரு வரிக்காக நான் பக்கெட் தண்ணீர்கூடத் தூக்காமல் இருந்தவன்.

அவர் சொன்ன விஷயம் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. அமெரிக்காவில் முதுகு வலியே இல்லாத 98 பேரைப் பிடித்து எம்.ஆர்.ஐ. எடுத்து 1994-ல் வெளியிட்டார்கள். அதில் எல்லா டிஸ்க்கும் சுத்தமாக இருந்தவர்கள் 36 சதவிகிதம்தான்! பாதிப் பேருக்கு மேல் எங்காவது ஒரு ஜவ்வு பிதுங்கியிருந்தது. அவர்கள் பாட்டுக்கு ஓடியாடிக் கொண்டிருந்தார்கள். பிறகு இப்படிப்பட்ட ஆராய்ச்சிகளை எல்லாம் திரட்டி 2015-ல் ஒரு கணக்குப் போட்டார்கள். வலியில்லாத இருபது வயதுக்காரர்களில் 30 சதவிகிதம் பேருக்கு ஜவ்வுப் பிதுக்கம். எண்பது வயதில் 84 சதவிகிதம்!

"தலைமுடி நரைக்கிற மாதிரிதான் தம்பி. நரைச்சா தலைவலி வருமா? உங்க நரம்பு நல்லா இருக்கு. கால்ல பலம் இருக்கு. இந்த ரிப்போர்ட்டைப் பீரோவுல வெச்சுப் பூட்டிட்டு, ஒரு குடம் தண்ணி தூக்கக் கத்துக்குங்க."

"அப்ப என் வலி பொய்யா டாக்டர்?"

"யார் சொன்னது? வலி நிஜம். ஆனா திருடன் போனப்புறமும் விசில் ஊதிட்டே இருக்கிற வாட்ச்மேன் மாதிரி ஆயிடுச்சு. ஆரம்பத்துல பட்ட அடி ஆறிடுச்சு. நரம்புகளும் மூளையும் இன்னும் பயந்துக்கிட்டு விசில் ஊதுது. படுக்கை, பயம், தூக்கமின்மை... எல்லாம் சேர்ந்து விசிலைப் பெருசாக்குது."

மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அதை 'நாள்பட்ட வலி' என்கிறார்கள். பத்தில் ஒன்பது பேருக்கு 'இதுதான் காரணம்' என்று ஒரு எலும்பையோ ஜவ்வையோ விரல் நீட்டிக் காட்ட முடியாது. துணைக்கு ஆள் இல்லையே என்று நீங்கள் வருந்தவும் வேண்டாம். 2020-ம் வருடக் கணக்குப்படி உலகத்தில் இடுப்பு வலிக்காரர்கள் சுமார் 61.9 கோடிப் பேர்!

சேப்பாக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

டாக்டருக்குக் கிரிக்கெட் பைத்தியம். "1999 ஜனவரி 31 ஞாபகம் இருக்கா?" என்றார்.

அன்றைக்கு நான் யு.கே.ஜி. ஆனால் அப்பா மத்தியானச் சோற்றைத் தொடாமல் எழுந்த காட்சி மட்டும் மறக்கவில்லை. சேப்பாக்கம் டெஸ்ட். பாகிஸ்தான் வைத்த இலக்கு 271. சச்சின் முதுகைப் பிடித்துக்கொண்டு, வலியில் முகத்தைச் சுளித்துச் சுளித்து ஆடி 136 எடுத்தார். ஜெயிக்க 17 ரன் இருக்கும்போது அவுட். மீதி மூன்று விக்கெட்டும் மளமளவென்று சரிய, 12 ரன்னில் தோற்றோம்.

"அந்த முதுகோட கதை அன்னிக்கு முடிஞ்சு போகலையே தம்பி! டாக்டருங்க, வைத்தியம், பயிற்சின்னு பார்த்துப் பார்த்து அதுக்கப்புறமும் 2013 வரைக்கும் ஆடினார். வலி வந்தா வாழ்க்கை அவுட் இல்லை. ஆனா டிரஸ்ஸிங் ரூம்ல ஒரு நல்ல டீம் வேணும்."

டீம் சரியில்லை என்றால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்க ஜனாதிபதி கென்னடி உதாரணம். 1944-லிருந்து 1957-க்குள் முதுகில் நான்கு ஆபரேஷன். வெள்ளை மாளிகைக்கு வந்தபின் ஒரு டாக்டர் தசையில் மரத்துப்போகும் ஊசி போட்டார். இன்னொரு டாக்டர் ஆம்பெடமின் கலந்த ஊசி போட்டார். ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். 1961 அக்டோபரில் ஹான்ஸ் கிராஸ் என்ற டாக்டரை அழைத்தார்கள். அவர் செய்தது மந்திரம் இல்லை, உடற்பயிற்சிதான். அந்த ஊசிகளை நிறுத்தச் சொல்லிவிட்டு, வயிறு, முதுகுத் தசைகளுக்குப் படிப்படியாகப் பயிற்சி கொடுத்தார். ஜனாதிபதியின் முதுகு கணிசமாகத் தேறியது.

மாத்திரை: நண்பனா, வில்லனா?

"அப்ப மாத்திரையே வேண்டாமா டாக்டர்?"

"நான் அப்படிச் சொல்லலையே! மாத்திரைங்கறது கைத்தடி மாதிரி. நடக்கறதுக்காகக் கைத்தடி. கைத்தடியை வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தா எப்படி?"

அவர் விளக்கியதையும் அப்புறம் நான் தேடிப் படித்ததையும் சுருக்கிச் சொல்கிறேன்.

பாராசிட்டமால்: காய்ச்சலுக்குச் சூரன். இடுப்பிடம் அவ்வளவு செல்லுபடியாகவில்லை. 2014-ல் ஆஸ்திரேலியாவில் புதிதாக இடுப்பு வலி வந்த 1,600 பேருக்கு மேல் சோதித்தார்கள். வெத்து மாத்திரை சாப்பிட்டவர்களும் பாராசிட்டமால் சாப்பிட்டவர்களும் ஒரே வேகத்தில்தான் குணமானார்கள்.

டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென், நாப்ராக்சன்: இவை அண்ணன் தம்பிகள். வீக்கத்தையும் வலியையும் குறைப்பவை. நாள்பட்ட வலிக்கும் டாக்டர்கள் முதலில் எடுப்பது இந்தக் குடும்பத்தைத்தான். ஆனால் இரைப்பை, சிறுநீரகம், ரத்த அழுத்தம், இதயம் நான்கிலும் கை வைக்கக்கூடியவை. அதனால் தேவையான அளவில், முடிந்தவரை குறைந்த நாளைக்கு. சாப்பாட்டுக்குப் பின். தேவைப்பட்டால் வயிற்றைக் காக்க இன்னொரு மாத்திரையோடு. மதுவோடு கூடவே கூடாது. பெட்டியில் பேர் வேறாக இருக்கும், உள்ளே சரக்கு ஒன்றாக இருக்கும். தெரியாமல் அண்ணனையும் தம்பியையும் சேர்த்து முழுங்கிவிடாதீர்கள். 'ஊசியா போட்டுக்கிட்டா வயித்துக்கு ஒண்ணும் ஆகாது' என்பதும் பொய். ரத்தம் வழியாகவும் அது வயிற்றைப் பதம் பார்க்கும்.

ஒரு உபரித் தகவல்: இந்தியாவில் கழுகு இனத்துப் பிணந்தின்னிகள் கூட்டம் கூட்டமாகச் செத்தது, டைக்ளோஃபினாக் போட்ட மாடுகளின் சடலத்தைத் தின்றதால்தான். சிறுநீரகம் கெட்டுப்போய் இறந்தன. அதனால் 2006-ல் அந்த மருந்தை மாடுகளுக்குப் போடத் தடை வந்தது. பறவை வேறு, நாம் வேறுதான். ஆனாலும் மிட்டாய் மாதிரி முழுங்குகிற சாமான் இல்லை என்று புரிகிறதல்லவா?

தசையைத் தளர்த்தும் மாத்திரைகள்: தூக்கம் தூக்கமாக வரும். சாப்பிட்டுவிட்டு டூவீலரைத் தொடாதீர்கள்.

பிரிகாபலின்: நரம்பு வலிக்கான மருந்து. இடுப்பிலிருந்து கால் வரை இழுக்கும் 'சயாட்டிகா' வலிக்காரர்கள் 209 பேருக்கு இதைக் கொடுத்துப் பார்த்து 2017-ல் முடிவு வெளியிட்டார்கள். வெத்து மாத்திரையைவிட வலி குறையவில்லை. தலைசுற்றல் மட்டும் கூடுதல்.

டிராமடால்: அபின் வகையறா. பழக்கமாகிவிடும் ஆபத்து உண்டு. 2018-லிருந்து இந்தியாவில் போதைப்பொருள் சட்டத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது.

பேர் இல்லாத பொடி, லேகியம்: 'ரெண்டே வேளை... வலி போயே போச்சு' என்று யாராவது லேபிள் இல்லாத பொட்டலத்தை நீட்டினால் ஓடிவிடுங்கள். ஸ்டீராய்டு கலந்திருந்தால் முதலில் சொர்க்கம் தெரியும். அப்புறம் சர்க்கரை ஏறும், எலும்பு தேயும்.

எனக்கு டாக்டர் எழுதியது, அந்த அண்ணன் தம்பி மாத்திரைகளுக்கு 'உள்ளே வராதே' போர்டு. வலித்தால் தடவ ஜெல், வெந்நீர் ஒத்தடம். ராத்திரிக்குக் குறைந்த அளவில் அமிட்ரிப்டிலின். வீட்டுக்கு வந்து போனில் தேடினேன். 'மனச்சோர்வுக்கான மருந்து' என்று வந்தது. மறுநாளே சண்டைக்குப் போனேன்.

"என்னைப் பைத்தியம்னு நினைச்சிட்டீங்களா டாக்டர்?"

"பைத்தியமா இருந்தா இவ்வளவு தெளிவாச் சண்டை போட முடியுமா? மனச்சோர்வுக்குக் கொடுக்கிற அளவு வேற. இது சின்ன அளவு. தூக்கத்தைச் சரி பண்ணி, வாட்ச்மேன் விசிலைக் கொஞ்சம் குறைக்கும். எல்லாருக்கும் கேட்காது. மூணு மாசம் பார்ப்போம். கேட்கலைன்னா நிறுத்திடுவோம். நீங்களா நிறுத்தக் கூடாது."

எனக்குக் கொஞ்சம் கேட்டது. வாய் உலர்ந்தது, காலையில் மப்பு இருந்தது. ஆனால் பல மாதத்துக்குப் பிறகு ஆறு மணி நேரம் தூங்கினேன். தூங்கியதால் நடக்கத் தெம்பு வந்தது. நடந்ததால் வலி இறங்கியது. மூன்றாவது மாதம் அவரே படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார். இந்த வகை மாத்திரையை எல்லோருக்கும் வழக்கமாக எழுத வேண்டியதில்லை என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து. ஆகவே 'அவருக்குக் கேட்டுதே' என்று என் சீட்டைக் காப்பியடிக்காதீர்கள்!

அதே மாத்திரை... வேற ஆளு!

இப்போது என் நண்பர் ஒருவரின் கதை. வயது இருபத்தாறு. ஐந்து வருடமாக இடுப்பு வலி. என் பேச்சைக் கேட்டு 'எல்லாம் பயம்தான், நடந்தால் சரியாகும்' என்று அவரும் நடக்க ஆரம்பித்தார். ஒரு நாள் டீ குடிக்கும்போது சொன்னார்: "ஞாயித்துக்கிழமை ரெஸ்ட் எடுத்தாதான்டா அதிகமா வலிக்குது. விடியக்காலை மூணு மணிக்கு வலி எழுப்பி விடுது. காலைல ஒரு மணி நேரம் கட்டை மாதிரி இருக்கேன். நடமாடினா குறையுது."

டாக்டர் என்னிடம் கேட்ட கேள்விகள் ஞாபகம் வந்தன. அவரையும் அங்கேயே இழுத்துப் போனேன். டாக்டர் கேட்டதும் முகம் மாறி, வாத நோய் நிபுணரிடம் அனுப்பினார். 'ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ்' என்று தெரிந்தது. உடம்பின் எதிர்ப்பு சக்தியே முதுகெலும்பு மூட்டுகளைத் தாக்கும் நோய். பெரும்பாலும் இளம் வயதில்தான் தொடங்கும். கவனிக்காமல் விட்டால் முதுகெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி, கூன் விழலாம். பல பேருக்கு இதைக் கண்டுபிடிக்கவே வருடக் கணக்கில் ஆகிவிடுகிறது. 'சின்னப் பையன்... உட்கார்ந்தே வேலை பார்க்கிறான்... ஜவ்வு வலி' என்று தள்ளிவிடுவதுதான் காரணம்.

வேடிக்கையைக் கேளுங்கள். இந்த நோய்க்கு முதல் வைத்தியம் அதே அண்ணன் தம்பி மாத்திரைதான்! என்னைச் சாவு வரை கொண்டுபோன வில்லன், அவருக்கு ஹீரோ. ரத்தப் பரிசோதனை, சிறுநீரகக் கவனிப்பு எல்லாவற்றோடும் டாக்டர் கண்காணிப்பில் சாப்பிடுகிறார். அது போதாதவர்களுக்கு இன்னும் வீரியமான ஊசி மருந்துகளும் இருக்கின்றன. அவர் இப்போது முழுசாகத் தூங்குகிறார். தினமும் பயிற்சியும் செய்கிறார்.

மாத்திரையில் நல்லது கெட்டது இல்லை. யாருக்கு, எதற்கு, எத்தனை நாளைக்கு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதைச் சொல்ல வேண்டியவர் கடைக்காரரும் அல்ல, கட்டுரை எழுதும் நானும் அல்ல.

உடனே ஓட வேண்டிய நேரம்

சிறுநீர், மலம் அடக்க முடியாமல் போவது அல்லது சிறுநீர் வராமல் அடைப்பது. தொடைகளுக்கு நடுவே, ஆசனவாயைச் சுற்றி மரத்துப் போவது. இரண்டு காலும் பலமிழப்பது. இதில் ஒன்று வந்தாலும் நாளைக் காலை என்று தள்ளாமல் அன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள். நரம்புக் கற்றை நசுங்குவதாக இருக்கலாம். பாதம் தூக்க முடியாமல் தொங்கினாலும் தாமதிக்கக் கூடாது.

காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு, படுத்தாலும் குறையாத ராத்திரி வலி இருந்தால் சீக்கிரம் காட்டுங்கள். நம் ஊரில் காசநோய் நுரையீரலை மட்டுமில்லை, முதுகெலும்பையும் தாக்கும். மாத்திரையில் குணமாகும் நோய் அது. அரசு ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம். பெரிய விபத்துக்குப் பின் வரும் வலி, முன்பு புற்றுநோய் வந்தவர்களுக்கு வரும் வலி இரண்டும் இதே ரகம். மாத்திரை சாப்பிடும்போது மலம் கறுத்தால்... என் லிஃப்ட் கதையை நினைத்துக்கொள்ளுங்கள்!

ஆபரேஷன்? நரம்பு நசுங்கி பலம் குறைந்தாலோ, தகுந்த வைத்தியம் பார்த்தும் கால் வலி விடாமல் வாட்டினாலோ அது கைகொடுக்கும். வெறும் இடுப்பு வலிக்கு எடுத்த எடுப்பில் கத்தி தேவைப்படுவதில்லை.

பத்து நிமிஷத்தில் ஆரம்பம்

2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாள்பட்ட இடுப்பு வலிக்கென்றே முதல் தடவையாக வழிகாட்டி வெளியிட்டது. உடற்பயிற்சி, வலியைப் பற்றிய சரியான விளக்கம், மசாஜ் போன்ற சில கை வைத்தியங்கள், பயத்தையும் கவலையையும் சமாளிக்கும் மனப்பயிற்சி, தேவைக்கு டைக்ளோஃபினாக் வகை மாத்திரை. இவற்றுக்கு 'சரி' சொன்னது. இடுப்பு பெல்ட், எடை கட்டி இழுக்கும் டிராக்ஷன், அபின் வகை மருந்து. இவற்றை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்றது. நான் வாங்கிய பெல்ட் இப்போது கொடியில் துணி காயப்போட உதவுகிறது!

பிசியோதெரபிஸ்ட் எனக்குச் சொல்லிக் கொடுத்தது ரொம்பச் சாதாரணம். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பை மெல்லத் தூக்கி இறக்குவது. தவழும் குழந்தை மாதிரி நின்று, வலது கையையும் இடது காலையும் நீட்டுவது; அப்புறம் மாற்றி. இதோடு நடை. முதல் வாரம் பத்தே நிமிஷம். வாரா வாரம் கொஞ்சம் கூட்டி இப்போது முப்பது நிமிஷம், வாரத்தில் ஐந்து நாள். 2024-ல் வெளிவந்த ஆஸ்திரேலிய ஆராய்ச்சி ஒன்றில் வலி வந்து தேறிய 701 பேர் இருந்தார்கள். பிசியோதெரபிஸ்ட் சொல்படி நடந்தவர்களுக்கு வலி திரும்பி வர 208 நாள் பிடித்தது. சும்மா இருந்தவர்களுக்கு 112 நாளிலேயே வந்துவிட்டது. இது நடுத்தரக் கணக்கு. செருப்புத் தேயும் செலவைத் தவிர வேறு செலவில்லை!

ஆபீசில் 'சரியாக உட்காருவது எப்படி' என்று மண்டையை உடைத்துக்கொள்வதை விட்டுவிட்டேன். ஒரே மாதிரி உட்கார்ந்திருக்காமல் இருப்பதுதான் முக்கியம். சின்ன பாட்டிலில் தண்ணீர் வைத்துக்கொண்டேன். அரை மணிக்கு ஒரு தடவை நிரப்பப் போயாக வேண்டும். போன் வந்தால் எழுந்து நின்று பேசுவேன். மேனேஜர் கூப்பிட்டதாக நினைத்து அவரே பலமுறை ஏமாந்திருக்கிறார்!

டாக்டரிடம் போகுமுன் ஒரு சீட்டு

ஐந்து நிமிஷத்தில் எல்லாவற்றையும் சொல்ல வராது. எழுதிக்கொண்டு போங்கள். வலி எப்போது ஆரம்பித்தது? எது செய்தால் கூடுகிறது, எது செய்தால் குறைகிறது? காலையில் எத்தனை நிமிஷ விறைப்பு? இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரையும், கடையில் நீங்களாக வாங்கியதும் நாட்டு மருந்தும் உட்பட. குடிப்பழக்கம் இருந்தால் அதுவும். டாக்டர் உங்கள் மாமனார் இல்லை, மறைக்காதீர்கள். கடைசியாக ஒரு வரி: 'வலியால் எந்த வேலையை விட்டுவிட்டேன்?' நான் எழுதியது: 'அக்கா குழந்தையைத் தூக்குவதில்லை.'

அந்த வரியைத்தான் டாக்டர் பிடித்துக்கொண்டார். "வலி ஜீரோ ஆகணும்னு கேட்காதீங்க தம்பி. ஆறு மாசத்துல அந்தக் குழந்தையைத் தூக்கணும். அதான் நம்ம டார்கெட்."

ஐந்தாவது மாதம் தூக்கினேன். வலித்தது. ஆனால் இறக்கிவிடவில்லை.

போன வாரம்கூட வலி வந்தது. மாதக் கடைசி, ராத்திரி பத்து மணி வரை கணக்கு முடித்த வேலை. முன்பானால் மருந்துக் கடைக்கு ஓடியிருப்பேன். இப்போது ஒத்தடம், மறுநாள் கொஞ்சம் குறைத்து நடை, மூன்றாம் நாள் வாடகைக்காரன் தன் மூலைக்குப் போய்விட்டான். லீவு போடவில்லை.

ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் நான் எச்சரிக்கை. தும்மல் வருகிற மாதிரி இருந்தால், செய்கிற வேலையை விட்டுவிட்டு, நிமிர்ந்து நின்று, சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு அப்புறம்தான் தும்முவேன். நேற்று அப்படி நின்றதைப் பார்த்துவிட்டு அம்மா சொன்னாள்:

"ஏன்டா... தும்மறதுக்குக்கூடவா டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்திருக்காரு?"

பழைய கிண்டல் திரும்பி வந்துவிட்டது. அதைவிட வேறென்ன வேண்டும்!